அந்தக் கட்டிலில் 'பரவாயில்லை' வேண்டாம்

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் 30 வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். வயது 56, எடை 62 கிலோ. போன வருடம் முதுகுவலி ஆரம்பித்தது. குனிந்தே தைப்பவனுக்கு முதுகு வலிக்காதா என்று எட்டு மாதம் தைலம் தேய்த்தே ஓட்டிவிட்டேன். ஒருநாள் துணி பண்டலைத் தூக்கும்போது முதுகெலும்பு ஒன்று நொறுங்கிவிட்டது. பரிசோதித்துவிட்டு மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய் என்றார்கள். புதுச்சேரியில் வைத்தியம் நடக்கிறது. நான்கு சுற்று மருந்து முடிந்து நோய் நன்றாக அடங்கியிருக்கிறதாம். அடுத்த மாதம் ஸ்டெம் செல் எடுத்து, பிறகு மாற்று சிகிச்சை செய்ய வேண்டும் என்கிறார் டாக்டர். முதுகுத்தண்டில் ஊசி குத்தி உறிஞ்சுவார்கள், இடுப்புக்குக் கீழே விளங்காமல் போய்விடும் என்று என் மைத்துனர் பயமுறுத்துகிறார். நோய் என் ரத்தத்தில்தானே இருக்கிறது? அதிலிருந்தே எடுத்து எனக்கே கொடுத்தால் நோயும் கூடவே வராதா? தன்னுடையதைத் தருகிறேன் என்று மகன் நிற்கிறான். போதுமான செல் வரவில்லை என்றால் என்ன ஆகும்? இப்போதே விரல் நுனிகள் மரத்துப்போயிருக்கின்றன. இதற்கு மேலும் கைக்கு ஏதாவது ஆனால் பிழைப்பு போய்விடும். கடைசியாக, தீபாவளி ஆர்டர் வாங்கலாமா? ஆவணி பிறந்தாலே ஆட்கள் துணியோடு வந்துவிடுவார்கள்.

பதில்:

அன்புள்ள ஐயா,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் மற்றதைப் படிக்கும்போதெல்லாம் உங்கள் மனம் அங்கேயே நின்றுகொண்டிருக்கும். இந்தத் தீபாவளிக்கு ஆர்டர் வாங்காதீர்கள். வாடிக்கையாளர் ஒருமுறை வேறு கடைப் படி ஏறிவிட்டால் திரும்ப வரமாட்டார் என்ற பயம் எனக்கும் புரிகிறது. கடையைப் பூட்ட வேண்டாம். வெட்டித் தைக்கத் தெரிந்த ஆள் இருந்தால் அளவு நோட்டை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்பது பின்னால் வரும். அதற்கு ஒரு ஃப்ரிட்ஜைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

நான் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மைலோமாவுக்கு மருந்து எழுதும் டாக்டர் இல்லை நான், ரத்த வங்கிக்காரி. ஸ்டெம் செல் எடுக்கும் அன்று உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மெஷின் சுற்றிக்கொண்டிருக்கும். அதன் திரையையும் உங்கள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் என் வேலை. எந்த மருந்து, எத்தனை சுற்று என்பதில் உங்கள் டாக்டர் வாக்கே முடிவு. ஆனால் அந்தக் கட்டிலும், அதற்கு முந்தைய ஐந்து நாட்களும் எனக்குச் சொந்த ஊர் மாதிரி.

உங்கள் மைத்துனரின் பயத்துக்கு ஒரு காரணம் உண்டு. ஆங்கிலத்தில் 'ஸ்டெம்' என்றால் தண்டு. தமிழில் சிலர் 'தண்டு செல்' என்று எழுதப்போய், கேட்பவர் காதில் அது முதுகுத்தண்டாகவே விழுகிறது. கறிக்கடையில் நல்லி எலும்பு வாங்கியிருப்பீர்கள். தட்டினால் உள்ளேயிருந்து வழுக்கிக்கொண்டு விழுகிறதே, அதுதான் மஜ்ஜை. ரத்தம் ஊறும் இடம் அது. அங்கே ரத்த அணுக்களையெல்லாம் உண்டாக்கும் தாய் செல்தான் ஸ்டெம் செல். தண்டுவடம் என்பது முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புக் கயிறு. இரண்டும் வேறு வேறு. ஸ்டெம் செல்லுக்காகத் தண்டுவடத்தை யாரும் தொடப்போவதில்லை. ஒரு காலத்தில் மயக்கம் கொடுத்து, இடுப்பெலும்பில் பல இடங்களில் குத்தி மஜ்ஜையை எடுத்தார்கள். இப்போது மைலோமாவுக்கு அநேகமாக எல்லோரிடமும் ரத்தத்திலிருந்துதான் எடுக்கிறோம்.

மஜ்ஜையில் இருக்க வேண்டிய செல் ரத்தத்துக்கு எப்படி வருகிறது? நாம்தான் வரவழைக்கிறோம். ஸ்டெம் செல்கள் மஜ்ஜையின் சுவரில், ஜாக்கெட்டில் கொக்கி மாட்டிய மாதிரி மாட்டிக்கொண்டிருக்கும். ரத்தத்தில் சாதாரணமாக உலாவுபவை மிகச் சொற்பம். ஃபில்கிராஸ்டிம் என்ற ஊசியை, கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் கணக்கில், தினமும் தோலுக்கடியில் போடுவார்கள். உங்கள் எடைக்கு 620 வருகிறது. பெரும்பாலும் 300 மைக்ரோகிராம் ஊசி இரண்டாக முடியும். நான்கு நாள் போட்டால் மஜ்ஜை பொங்கி, கொக்கிகள் தளர்ந்து, செல்கள் ரத்தத்தில் இறங்கத் தொடங்கும். ஐந்தாம் நாள் காலை ஊசியும் போட்டுக்கொண்டு மெஷினுக்கு வருவீர்கள். சில இடங்களில் இதற்கு முன் சைக்ளோபாஸ்பமைடு என்ற கீமோ மருந்தையும் ஒரு முறை ஏற்றுவார்கள். அப்படியானால் நாட்கணக்கு நீளும், முடி கொட்டும், காய்ச்சல் வரும் வாய்ப்பும் கூடும். உங்களுக்கு எந்த முறை என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஊசியைக் கடலூரிலேயே போட்டுக்கொள்ளலாமா என்றால், முதல் சில நாட்களுக்குப் போடலாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பழக்கமான நர்ஸ் கையாலோ போதும். ஆனால் மருந்தைக் கொண்டுபோகும் வழியில் கெடுக்கிறவர்கள் அதிகம். அது 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவில் இருக்க வேண்டிய மருந்து. புதுச்சேரியிலிருந்து கடலூர் 25 கிலோமீட்டருக்குள்தான் என்றாலும், முருங்கப்பாக்கத்திலும் அரியாங்குப்பத்திலும் பஸ் நிற்கிற நிற்பில், சட்டைப் பையில் வைத்த மருந்து வெந்துவிடும். தெர்மாஸ் ஃபிளாஸ்க்கில் ஐஸ் போட்டு எடுத்துப் போங்கள். மருந்து ஐஸைத் தொடக் கூடாது. துணி சுற்றி வையுங்கள். உறைந்தாலும் கெட்டுவிடும். வீட்டில் ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் வையுங்கள், கதவில் வேண்டாம், மேலே ஐஸ் அறையில் வேண்டவே வேண்டாம். தினமும் ஒரே நேரம். கடைசி இரண்டு நாட்களுக்குப் புதுச்சேரியிலேயே தங்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். மருத்துவமனைக்குப் பக்கத்தில் எளிய அறை போதும், ஆனால் அவசியம்.

மூன்றாம் நாள் வாக்கில் வலி வரும். நெஞ்செலும்பு, இடுப்பு, தொடை, முதுகு. எலும்புக்குள்ளேயே யாரோ தட்டுவதுபோல் இருக்கிறது என்பார்கள். உங்களுக்கு முதலிலேயே முதுகில் அடி பட்டிருப்பதால், நோய் திரும்பிவிட்டது என்று ராத்திரி பயம் பிடிக்கும். அது மஜ்ஜை வேலை செய்கிற வலி. ஊசி நின்ற ஓரிரு நாளில் போய்விடும். பாராசிட்டமால் போடலாம். போடும் முன் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடும். மருந்துக்கடையில் கேட்டால் 'நல்ல வலி ஊசி' என்று டைக்ளோஃபினாக் தருவார்கள். மைலோமாக்காரர்கள் அதைத் தொடக் கூடாது. நோயே சிறுநீரகத்தை வதைக்கிற நோய், இந்த மருந்து அதன் மேல் ஏறி மிதிக்கும். இடப்பக்கம் விலாவுக்குக் கீழே அல்லது இடது தோளில் சுரீர் என்ற வலி வந்தால் மட்டும் அந்த நிமிடமே டாக்டரைக் கூப்பிடுங்கள். மண்ணீரல் வீங்கியிருக்கலாம். அரிதுதான், இருந்தாலும் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். உங்கள் மருந்துகளில் லெனாலிடோமைடு இருக்கும் என்று நினைக்கிறேன். அது நோய்க்கு நல்லது. ஆனால் நிறையச் சுற்று ஓடிவிட்டால் ஸ்டெம் செல் வெளியே வருவது குறையும். அதனால்தான் நான்கிலிருந்து ஆறு சுற்றுக்குள் எடுத்துவிடுகிறார்கள். உங்கள் டாக்டர் சரியான நேரத்தில்தான் கூப்பிட்டிருக்கிறார். எடுப்பதற்குச் சில வாரம் முன்பே அதை நிறுத்துவது வழக்கம். எந்தத் தேதியில் நிறுத்துவது என்று கேளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். கூடவே ஆஸ்பிரின் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். எலும்புக்காக மாதாமாதம் போடும் சோலெட்ரானிக் ஆசிட் ஊசியைச் சமீபத்தில் போட்டிருந்தால் அதைக் கட்டாயம் எங்களிடம், மெஷின்காரர்களிடம், சொல்ல வேண்டும். காரணம் கொஞ்ச நேரத்தில் புரியும்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாள் காலையோ ஒரு ரத்தப் பரிசோதனை. சிடி-34 எண்ணிக்கை என்பார்கள். ஸ்டெம் செல்லின் மேல் இருக்கும் அடையாளச் சீட்டு அது. ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் 20 அல்லது அதற்கு மேல் இருந்தால் எங்களுக்கு முகம் மலரும். 10-க்குக் கீழே என்றால் கையைப் பிசைவோம். நடுவில் இருந்தால் யோசிப்போம். எண் குறைவாக இருந்தால் பிளெரிக்ஸஃபோர் என்ற இன்னொரு ஊசி இருக்கிறது. அது நான் சொன்ன கொக்கியையே கழற்றிவிடும். அதன் கதை வேடிக்கையானது. எச்ஐவி கிருமிக்கு எதிராக ஆராய்ந்துகொண்டிருந்த மருந்து. கொடுத்துப் பார்த்தவர்களுக்கு வெள்ளையணு திடீரென்று ஏறியதைக் கண்டு, இந்த வேலைக்குத் திருப்பிவிட்டார்கள். அமெரிக்காவில் 2008 டிசம்பரில் ஒப்புதல் கிடைத்தது. மெஷினில் ஏற்றுவதற்குச் சுமார் 11 மணி நேரம் முன்பு போட வேண்டும். காலை 9 மணிக்கு மெஷின் என்றால் இரவு 10 மணிக்கு ஊசி. அந்த நேரத்தில் நீங்கள் திருப்பாதிரிப்புலியூரில் இருந்தால் நடக்குமா? தங்கச் சொன்னது இதற்குத்தான். போட்ட பிறகு வயிறு இளகும், பயப்பட வேண்டாம். சிறுநீரகம் சற்றுத் தளர்ந்திருந்தால் அளவைக் குறைப்பார்கள். விலை அதிகம். உங்கள் காப்பீட்டில் இது வருகிறதா என்று ஊசி தேவைப்படும் இரவில் விசாரிக்காமல் இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.

இப்போது என் கட்டிலுக்கு வாருங்கள்.

ரத்தத்தை எடுக்கவும் திருப்பித் தரவும் இரண்டு வழி வேண்டும். முழங்கை ரத்தக்குழாய்கள் தடிமனாக இருந்தால் இரண்டு கையிலும் ஊசி போட்டே முடித்துவிடலாம். ஆனால் நான்கைந்து மணி நேரம் கையை மடக்க முடியாது. மூக்கு அரித்தால் பக்கத்தில் இருப்பவர்தான் சொறிய வேண்டும். உங்கள் மனைவியைக் கூட்டி வாருங்கள், அவருக்கு இது ஒரு முக்கியமான பணி. கீமோ ஏறிய கைகளில் ரத்தக்குழாய் பெரும்பாலும் ஒத்துழைக்காது. அப்போது கழுத்திலோ தொடையிலோ பெரிய ரத்தக்குழாய்க்குள் 'லைன்' என்ற மெல்லிய குழாயைப் போடுவார்கள். மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே செய்வது. அழுத்துவது தெரியும், அறுப்பதுபோல் இருக்காது. உங்களைக் கேட்டால் கழுத்தையே சொல்லுங்கள். தொடையில் போட்டால் இடுப்பை மடக்காமல் படுத்திருக்க வேண்டும், அது உங்கள் முதுகுக்கு ஆகாது.

மெஷின் செய்வது, தயிர் கடைகிற வேலைதான். வேகமாகச் சுற்றும் கிண்ணத்தில் ரத்தம் போய், கனத்தது வெளிச்சுற்றிலும் லேசானது உள்ளேயும் பிரியும். நடுவில் ஒரு மெல்லிய அடுக்கு வரும். அதில்தான் நமக்கு வேண்டியது இருக்கிறது. அதை மட்டும் ஒரு பையில் உறிஞ்சிக்கொண்டு மீதியை உங்களுக்கே திருப்பி அனுப்பும். உங்கள் உடம்பில் உள்ள ரத்தம் நாலேகால் லிட்டர் அளவு. அதையே இரண்டு மூன்று தடவை சுற்றிவரச் செய்வோம். எந்த நேரத்திலும் உடம்புக்கு வெளியே இருப்பது ஒன்றரை டம்ளருக்கு மேல் போகாது. முன்தினம் வடை, பூரி என்று எண்ணெயில் மூழ்காதீர்கள். கொழுப்பு மிதந்து பிளாஸ்மா என்ற ரத்தநீர் கலங்கினால் அந்த நடு அடுக்கைப் பிரித்துப் பார்ப்பது சிரமம். பட்டினியும் வேண்டாம். காலையில் இட்லி, ஒரு டம்ளர் கேழ்வரகுக் கஞ்சி, பால். வருவதற்கு முன் கழிப்பறைக்குப் போய்விடுங்கள். நடுவில் வந்தால் பாட்டில் உண்டு, கூச்சம் வேண்டாம், திரையை இழுத்துவிடுவோம். முதுகுக்குக் கீழே வைக்க உங்களுக்குப் பழக்கமான சின்னத் தலையணையைக் கொண்டு வாருங்கள். மருத்துவமனைத் தலையணைகள் ஒன்று பாறாங்கல், இல்லையென்றால் காற்று.

இனி உங்கள் விரல்கள். ரத்தம் மெஷினுக்குள் உறையாமல் இருக்க சிட்ரேட் என்ற திரவத்தைக் கலக்கிறோம். திருப்பி அனுப்பும் ரத்தத்தோடு அதுவும் கொஞ்சம் உங்களுக்குள் வரும். வந்ததும் ரத்தத்தில் இருக்கும் கால்சியத்தைப் பிடித்துக் கட்டிப்போடும். கால்சியம் குறைந்தால் உதட்டைச் சுற்றி, நாக்கு நுனியில், விரல் நுனிகளில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். உடனே சொன்னால் மெஷினின் வேகத்தைக் குறைப்போம், கால்சியம் கொடுப்போம். சில நிமிடத்தில் சரியாகிவிடும். சொல்லாவிட்டால் விரல் இழுத்துக்கொள்ளும். எலும்பு ஊசி பற்றிக் கேட்டது இதனால்தான். அதுவும் கால்சியத்தை இறக்கக்கூடியது.

பல வருடம் முன்பு, பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். முந்திரி உடைக்கிறவர். ஓட்டுப் பால் பட்டு விரலெல்லாம் கறுத்திருந்தது. அரைமணிக்கு ஒருமுறை "எப்படி இருக்கிறது அம்மா?" என்று கேட்டோம். ஒவ்வொரு தடவையும் "பரவாயில்லை" என்றார். மூன்றாவது மணி நேரத்தில் போர்வையை விலக்கிப் பார்த்தால், வலதுகை ஐந்து விரலும் குவிந்து, விபூதி எடுக்கிற மாதிரி இறுகிப்போயிருந்தன. மெஷினை நிறுத்தி, கால்சியத்தை மெதுவாக ஏற்றி, நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். விரல்கள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. "ஏன் அம்மா சொல்லவில்லை?" என்றதற்கு, "ஆஸ்பத்திரி என்றால் கொஞ்சம் இப்படித்தான் இருக்கும் என்று பொறுத்துக்கொண்டேன். நீங்கள் எல்லோரும் வேலையாக இருந்தீர்கள்" என்றார். தவறு எங்களுடையதும்தான். அன்றிலிருந்து நான் யாரிடமும் எப்படி இருக்கிறது என்று கேட்பதில்லை. "உதட்டில் என்ன தெரிகிறது?" என்று கேட்கிறேன். அதற்குப் 'பரவாயில்லை' என்று பதில் சொல்ல முடியாது.

உங்களுக்கு இதில் ஒரு சிக்கல் கூடுதலாக இருக்கிறது. விரல் நுனி ஏற்கெனவே மரத்திருக்கிறது. அது மைலோமாவுக்குப் போடும் போர்டிசோமிப் ஊசியின் வேலையாக இருக்க வேண்டும். அதனால் சிட்ரேட் தரும் எச்சரிக்கையை விரல் உங்களுக்குச் சரியாகச் சொல்லாது. விரலை நம்பாதீர்கள், உதட்டைக் கவனியுங்கள். மெஷின் ஓடத் தொடங்கும் முன்பே நர்ஸிடம் "என் விரல் முதலிலேயே மரத்திருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள். சிட்ரேட்டால் வரும் ஊறல் நரம்பைக் கெடுப்பதில்லை, மெஷின் நின்றதும் போய்விடும். போர்டிசோமிப் மரப்பு வேறு. அதை உங்கள் டாக்டரிடம் விவரமாகச் சொல்லியிருக்கிறீர்களா? 'கொஞ்சம் மரப்பு' என்று சொன்னால் அவர் கொஞ்சம் என்றே எழுதிக்கொள்வார். ஊசியில் நூல் கோக்க முடிகிறதா, சட்டைப் பட்டன் போட முடிகிறதா, கத்தரி கைநழுவுகிறதா என்று சொல்லுங்கள். மருந்தின் அளவையோ இடைவெளியையோ மாற்ற அந்த விவரம்தான் உதவும். மருந்து நின்ற சில மாதங்களில் பலருக்கு இது குறைகிறது.

மெஷின் முடிந்ததும் பையைக் காட்டச் சொல்லுங்கள், நாங்கள் மறுக்க மாட்டோம். நீர்த்த தக்காளிச் சாறு நிறத்தில் ஒரு சின்னப் பை. ஒரு மாற்று சிகிச்சைக்குக் குறைந்தபட்சம் கிலோவுக்கு 20 லட்சம் ஸ்டெம் செல் வேண்டும். உங்கள் 62 கிலோவுக்கு 12 கோடியே 40 லட்சம். கிலோவுக்கு 40, 50 லட்சம் கிடைத்தால் மனம் நிறையும். சிலருக்கு ஒரே நாளில் கிடைக்கும், சிலருக்கு இரண்டு நாள், அபூர்வமாக மூன்று. கூடவே ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும் கொஞ்சம் பையில் போய்விடுவதால் அடுத்த சில நாட்களுக்குக் கத்தரியும் பிளேடும் கையில் எடுக்காதீர்கள்.

போதாமல் போனால்? உங்கள் கடிதத்தில் அந்த வரியைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். முதல் நாள் குறைந்தால் பிளெரிக்ஸஃபோர் போட்டு மறுநாள் எடுப்போம். அதுவும் போதவில்லை என்றால் சில வாரம் ஓய்வு கொடுத்து வேறு முறையில் மறுபடி முயல்வோம். இப்படிப் பெரும்பாலானோருக்குக் கிடைத்துவிடுகிறது. எதுவுமே பலிக்காத ஒருசிலருக்கு மாற்று சிகிச்சை இல்லாமல் மருந்திலேயே தொடர்வார்கள். 20 வருடத்துக்கு முன் இதை நான் தயக்கத்தோடு சொல்லியிருப்பேன். இன்று மைலோமாவுக்கு இருக்கும் மருந்துகள் அன்று இல்லை. செல் வராதது வயதாலும், முன்பு போட்ட மருந்தாலும், இடுப்பிலோ முதுகிலோ கொடுத்த ரேடியேஷனாலும்தான். ரத்தம் ஊறப் பீட்ரூட்டும் மாதுளையும் சரியாகச் சாப்பிடவில்லை என்று வீட்டில் யாராவது உங்களைக் குறைசொன்னால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

பைக்குள் நோயும் இருக்காதா என்பது நல்ல கேள்வி. உண்மையைச் சொன்னால், ஒன்றிரண்டு மைலோமா செல் இருக்கலாம். அதைச் சுத்தம் செய்து கொடுத்தும் ஆய்வுகள் நடத்திப் பார்த்தார்கள். நோயாளிகள் அதனால் கூடுதல் காலம் வாழவில்லை. நோய் திரும்புவது பெரும்பாலும் உடம்பிலேயே ஒளிந்து மிஞ்சியதிலிருந்துதான். இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன்: ஸ்டெம் செல் மருந்தே கிடையாது. மருந்து மெல்ஃபலான் என்ற கீமோ. 1983-இல் லண்டனில் மெக்எல்வெயின், பவுல்ஸ் என்ற இரண்டு டாக்டர்கள் அதை மிக அதிக அளவில் கொடுத்தபோது மைலோமா கரைந்தது, கூடவே மஜ்ஜையும் படுத்துவிட்டது. அது எழுந்திருக்கத்தான் நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்லை முன்பே எடுத்து வைத்துத் திருப்பிக் கொடுக்கிறோம். விதைநெல்லைப் பரணில் வைத்துவிட்டு வயலைக் களைக்கொல்லி தெளித்துச் சுத்தமாக்குகிற மாதிரி. இப்படிச் செய்தால் வழக்கமான கீமோவைவிடப் பலன் கூடுதல் என்று 1996-இல் ஆய்வோடு காட்டியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். புதுச்சேரிக்கு அவர்கள் புதிதில்லை. நோயை அடியோடு ஒழிக்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். நோய் அடங்கியிருக்கும் காலத்தை நீட்டும், அதுதான் இதன் பலன். அதற்குப் பிறகும் மாத்திரை தொடரும்.

உங்கள் மகனுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். அவன் செல் இப்போது வேண்டாம். பிறர் செல் உள்ளே வந்தால், அது உங்கள் தோல், குடல், கல்லீரலை அந்நியமென்று நினைத்துத் தாக்கலாம். உயிராபத்து கூடும். மைலோமாவுக்கு வழக்கமான சிகிச்சை சொந்த செல்தான். அவன் உதவியே ஆக வேண்டும் என்றால் ரத்தமும் தட்டணுவும் தானம் செய்ய நண்பர்களைத் திரட்டி வைக்கட்டும். பிறகு தேவைப்படும். நேராக உங்களுக்கென்று மகன் ரத்தத்தையே ஏற்ற மாட்டோம். அவன் கொடுப்பது வங்கிக்கு, உங்களுக்கு வேறொருவருடையது வரும்.

இனி அந்த ஃப்ரிட்ஜ். எடுத்த செல்லை வைக்க இரண்டு முறை உண்டு. ஒன்று, உறையவைக்கும் மருந்து கலந்து, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன் தொட்டியில் வைப்பது. வருடக்கணக்கில் கெடாது, நிதானமாகத் தேதி குறிக்கலாம். இன்னொன்று, நம் நாட்டில் பல மருத்துவமனைகளில் செய்வது: ரத்த வங்கி ஃப்ரிட்ஜில் 4 டிகிரியில் வைப்பது. செலவு குறைவு, மைலோமாவுக்கு நன்றாகவே பலிக்கிறது. ஆனால் செல் இரண்டு மூன்று நாள்தான் தாங்கும். ஆகவே எடுத்த கையோடு மெல்ஃபலான் ஏற்றி, ஒரு நாளாவது இடைவெளி விட்டு, செல்லைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அதாவது செல் எடுக்க உள்ளே போகிறவர் வீட்டுக்குத் திரும்பாமலே மாற்று சிகிச்சைக்குள் போகிறார். உங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி என்றால் இதைத்தான் சொல்வேன்: "ஃப்ரிட்ஜா, நைட்ரஜனா?" உங்கள் நாட்காட்டி முழுவதும் அந்தப் பதிலில் இருக்கிறது. ஃப்ரிட்ஜ் என்றால் அடுத்த மாதமே பல் பரிசோதனை, வீட்டு ஏற்பாடு, கடை ஏற்பாடு எல்லாம் முடிந்திருக்க வேண்டும். நைட்ரஜன் என்றால் நடுவில் சில வாரம் கிடைக்கும். எப்படியும் மருத்துவமனையில் இருப்பது இரண்டு மூன்று வாரம். வெள்ளையணு தலைதூக்கவே 10 முதல் 14 நாள் ஆகும். அப்புறம் வீட்டில் கிட்டத்தட்ட மூன்று மாதம் கூட்டம், தூசி, பஞ்சுத் துகள் இல்லாமல் இருக்க வேண்டும். தீபாவளி வாரத்தில் உங்கள் கடை எப்படி இருக்கும் என்று எனக்குச் சொல்ல வேண்டுமா? பொங்கலுக்கு வேண்டுமானால் உட்கார்ந்து அளவு எடுக்கலாம், அதுவும் உங்கள் டாக்டர் சரி என்றால்.

மெல்ஃபலான் ஏறும்போது மட்டும் வாயில் ஐஸ்கட்டி போட்டுக்கொண்டே இருங்கள். வாய்ப்புண் வெகுவாகக் குறையும். உறையவைத்த செல் என்றால், திருப்பி ஏற்றிய பிறகு ஒன்றிரண்டு நாள் உங்கள் மூச்சில் பூண்டு வாடை அடிக்கும். அது உறைமருந்தின் வாடை. மற்றதைப் பற்றி உள்ளே போன பிறகு உங்கள் வார்டு நர்ஸ் சொல்வார்.

வேலூருக்கே போய்விடலாம் என்றும் யாராவது சொல்வார்கள். அங்கே சிஎம்சியில் 1986-லிருந்து மஜ்ஜை மாற்று நடக்கிறது, குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சொந்த செல் மாற்று சிகிச்சை இப்போது கோரிமேட்டில் ஜிப்மரிலும் நடக்கிறது. ராத்திரி காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய இடம் பெரிய பெயரைவிட எனக்கு முக்கியமாகப் படுகிறது. நோயை இவ்வளவு அடக்கிக் கொண்டுவந்த டாக்டரை இப்போது மாற்ற நான் ஒரு காரணமும் பார்க்கவில்லை.

ஒரு வேலை மட்டும் இந்த மாதம் உங்களுக்கு இருக்கிறது. கழுத்தில் லைன் போட்டவர்கள் தலைவழியாகப் போடும் பனியனோடு வந்து, கழற்ற முடியாமல் நாங்கள் கத்தரியால் வெட்டியிருக்கிறோம். காலர் இல்லாமல், கழுத்து அகலமாக, முன்பக்கம் முழுக்கத் திறக்கிற அரைக்கை சட்டை வேண்டும். பட்டனுக்குப் பதில் கயிறு வைத்தால் மரத்த விரலுக்கு எளிது. மெல்லிய காட்டன் துணியில் இரண்டு தைத்து வைத்துக்கொள்ளுங்கள்.